முழங்கால் எக்ஸ்ரேவுக்கு எந்த கோட் எண்?

எங்கள் ஊர் மங்களூர். கர்நாடகத்து மங்களூர் அல்ல. கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கத்தில் இருக்கும் மங்களூர். அம்மாவுக்கு முட்டி வலி அதிகமானபோது பீங்கான் பொம்மைகளுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுத்தேன். நிற்க வைத்து இரண்டு முட்டிகளையும் முன்பக்கமாக ஒரே படமாக எடுத்தார்கள். பிறகு ஒவ்வொரு முட்டியையும் பக்கவாட்டில் ஒரு படம். கையில் கொடுத்த பில்லில் இருந்தது ஒரே ஒரு வரிதான்: "எக்ஸ்ரே - முழங்கால்". அதற்கு எதிரே ஒரு தொகை.

இதே படங்களை அமெரிக்காவில் எடுத்திருந்தால் அந்த ஒரு வரி போதாது. எந்தக் கால், எத்தனை கோணம், எதற்காக எடுத்தது என்பதை எல்லாம் எண்களாக மாற்றி அனுப்பினால்தான் காப்பீட்டு நிறுவனம் பணம் கொடுக்கும். இப்படி எண்களாக மாற்றும் வேலைக்குத்தான் மெடிக்கல் கோடிங் என்று பெயர். சென்னையிலும் கோவையிலும் இந்த வேலையில் நிறைய பேர் இருக்கிறார்கள். நானும் அதில் ஒருவன்.

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "கம்ப்யூட்டரில் தட்டினால் கோட் எண் தானாக வந்துவிடும் அல்லவா?" எண் வரும். ஆனால் சரியான எண் வருமா என்பது நாம் ரிப்போர்ட்டைப் படிக்கும் விதத்தில்தான் இருக்கிறது. முழங்கால் எக்ஸ்ரே ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதைப் பார்ப்போம்.

இரண்டு வகை எண்கள்

ஒவ்வொரு கிளெய்மிலும் குறைந்தது இரண்டு எண்கள் இருக்கும். "என்ன செய்தார்கள்?" என்பதற்கு ஒன்று. "ஏன் செய்தார்கள்?" என்பதற்கு ஒன்று.

என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வது சி.பி.டி. எண். அமெரிக்க மருத்துவச் சங்கம் இதை முதன்முதலில் 1966-ல் வெளியிட்டது. இன்று இது ஐந்து இலக்க எண். எக்ஸ்ரே, ஸ்கேன் சம்பந்தப்பட்டவை 7 என்ற இலக்கத்தில் தொடங்கும்.

ஏன் செய்தார்கள் என்பதைச் சொல்வது ஐ.சி.டி. எண். இது நோயின் எண். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 10-ஐ அமெரிக்கா தன் தேவைக்கேற்ப விரித்து 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்துகிறது. அதற்கு முன் இருந்த ஐ.சி.டி. 9-ல் முட்டி வலிக்கு 719.46 என்று போடுவார்கள். அதில் வலது கால், இடது கால் என்ற பேச்சே இல்லை. இப்போது வலது முட்டி வலிக்கு எம்25.561, இடது முட்டி வலிக்கு எம்25.562.

இங்கே எம், எஸ் என்று தமிழில் எழுதியிருப்பதை நீங்கள் கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தாகவே டைப் செய்ய வேண்டும். மற்ற எழுத்துகளுக்கும் அப்படியே.

நான்கு எண்களில் எது?

முழங்கால் எக்ஸ்ரேவுக்கு சி.பி.டி.யில் நான்கு எண்கள் இருக்கின்றன.

73560 - ஒன்று அல்லது இரண்டு கோணங்கள்
73562 - மூன்று கோணங்கள்
73564 - நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட கோணங்கள்
73565 - இரண்டு முட்டிகளும், நின்ற நிலையில், முன்பக்கப் படம்

கோணம் என்றால் என்ன? முன்பக்கமிருந்து எடுத்தால் ஏ.பி. பக்கவாட்டில் எடுத்தால் லேட்டரல். சாய்வாக எடுத்தால் ஒப்ளிக். முட்டிச் சில்லைப் பார்க்க, காலை மடக்கி எடுத்தால் சன்ரைஸ். ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் இந்தப் பெயர்கள் இருக்கும். அவற்றை எண்ணுங்கள். எத்தனை பிலிம், எத்தனை ஷாட் என்பது கணக்கில்லை. நோயாளி அசைந்துவிட்டதால் ஏ.பி. படத்தை இரண்டாம் தடவை எடுத்தாலும் அது ஒரே கோணம்தான்.

நிற்க வைத்து எதற்கு எடுக்கிறார்கள்? உடல் பாரம் முட்டியில் இறங்கும்போதுதான் எலும்புகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது சரியாகத் தெரியும். மூட்டுத் தேய்மானத்தைப் பார்க்க இது நல்ல படம். அதனால்தான் இதற்குத் தனி எண்.

வலமா, இடமா?

ஐந்து இலக்க எண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு வால் சேரும். இதை மாடிபையர் என்பார்கள். வலது காலுக்கு ஆர்.டி., இடது காலுக்கு எல்.டி. இரண்டு கால்களுக்கும் ஒரே மாதிரி எடுத்தால் 50. சில காப்பீட்டு நிறுவனங்கள் 50 வேண்டாம், ஆர்.டி. ஒரு வரி, எல்.டி. ஒரு வரி என்று தனித்தனியாகக் கேட்கும். அந்தந்த நிறுவனத்தின் விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 73565-க்கு மட்டும் 50 போடக் கூடாது. அதன் விளக்கத்திலேயே "இரண்டு முட்டிகளும்" என்று இருக்கிறது.

இன்னும் இரண்டு வால்கள் உண்டு. படம் எடுத்தது ஓர் இடம், படித்து ரிப்போர்ட் கொடுத்த ரேடியாலஜிஸ்ட் வேறோர் இடம் என்றால், படித்தவரின் பில்லில் 26 சேரும். மெஷினும் ஆளும் மட்டும் கொடுத்த இடத்தின் பில்லில் டி.சி. சேரும். இரண்டு வேலையும் ஒரே கிளினிக்கில் நடந்தால் இரண்டுமே வேண்டாம்.

நோயின் எண்ணை எப்படி எடுப்பது?

இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். வெளிநோயாளிகளுக்கு அமெரிக்க விதி தெளிவாக இருக்கிறது. "இருக்கலாம்", "சந்தேகம்", "இல்லை என்று உறுதி செய்ய" போன்ற சொற்களோடு வரும் நோய்க்கு எண் போடக் கூடாது. எந்தத் தொந்தரவுக்காக வந்தாரோ அதற்குத்தான் எண். "சில்லில் முறிவு இருக்கலாம்" என்று எழுதியிருந்தால் எலும்பு முறிவின் எண்ணான எஸ்82-க்குப் போகாதீர்கள். முட்டி வலியின் எண்ணோடு நின்றுவிடுங்கள்.

ரேடியாலஜிஸ்ட் உறுதியாக எழுதிவிட்டால் கதை வேறு. மூட்டுத் தேய்மானம் என்று முடிவாகச் சொல்லியிருந்தால் வலியை விட்டுவிட்டுத் தேய்மானத்தின் எண்ணைப் போட வேண்டும். வயதின் காரணமாகத் தானாக வரும் தேய்மானம் இரண்டு முட்டியிலும் என்றால் எம்17.0. வலது மட்டும் எம்17.11. இடது மட்டும் எம்17.12.

இதில் நோயாளிக்கு என்ன என்று கேட்கலாம். நடக்காத எலும்பு முறிவு ஒருவருடைய மருத்துவப் பதிவில் ஏறிவிட்டால் அதை நீக்குவது சுலபமில்லை. கிளெய்ம் திரும்பி வந்தால் பில் அந்த மனிதரின் வீட்டுக்கே போகும். நாம் இங்கே ஓர் இலக்கத்தை மாற்றித் தட்டுகிறோம். அங்கே யாரோ ஒரு பாட்டி தபாலைப் பிரித்துப் பார்த்துத் திகைக்கிறார்.

சில மாதிரிகள்

இவை நானே பயிற்சிக்காக எழுதியவை. விடையை மறைத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

1. வலது முழங்கால், ஏ.பி., லேட்டரல். வலிக்காக எடுத்தது. எலும்பு சரியாக இருக்கிறது.
விடை: 73560-ஆர்.டி., எம்25.561.

2. இடது முழங்கால், ஏ.பி., லேட்டரல், சன்ரைஸ். வயதினால் வந்த தேய்மானம் உறுதி.
விடை: 73562-எல்.டி., எம்17.12.

3. இரண்டு முழங்கால்கள். ஒவ்வொன்றுக்கும் ஏ.பி., லேட்டரல், இரண்டு ஒப்ளிக். இரண்டிலும் வயதினால் வந்த தேய்மானம்.
விடை: 73564-50, எம்17.0.

4. இரண்டு முழங்கால்களும் நின்ற நிலையில் ஏ.பி. மட்டும். இரண்டிலும் வலி. வேறு எதுவும் இல்லை.
விடை: 73565. வலிக்கு "இரண்டு முட்டியும்" என்று ஒரே எண் கிடையாது. ஆகவே எம்25.561, எம்25.562 இரண்டையும் போட வேண்டும்.

5. இரண்டு முழங்கால்களும் நின்ற நிலையில் ஏ.பி. கூடவே ஒவ்வொரு முட்டிக்கும் லேட்டரல், சன்ரைஸ்.
விடை: 73562-50.

நான் செய்த தவறு

ஐந்தாவது மாதிரியை நான் மறக்க மாட்டேன். பயிற்சியில் இருந்தபோது இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தது. நின்ற நிலைக்குத் தனி எண் இருக்கிறதே என்று 73565 போட்டேன். மீதி இரண்டு கோணங்களுக்கு 73560-50 போட்டேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அன்று ஒரே மாதிரி ஏழு ரிப்போர்ட்டுகள். ஏழையும் அப்படியே முடித்தேன். நாங்கள் 95 சதவீதம் சரியாகச் செய்தால்தான் வேலை உறுதி. ஏழும் தணிக்கையில் தவறு என்று வந்தன. அந்த மாத மதிப்பெண் அதோடு போயிற்று. பயிற்சிக் காலத்தை மேலும் மூன்று மாதம் நீட்டிவிட்டார்கள்.

பயிற்சியாளர் திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தம்பி, அந்த அம்மாவோட ஒரு முட்டிக்கு எத்தனை கோணம் எடுத்தாங்க? விரல் விட்டு எண்ணிச் சொல்லு." எண்ணினேன். நின்று ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சில்லுக்கு ஒன்று. மூன்று. "அப்புறம் எதுக்குப் பிரிச்சே?" என்றார்.

விஷயம் இதுதான். நின்ற நிலைப் படம் மட்டும் எடுத்திருந்தால் 73565. அதோடு வேறு கோணங்களும் எடுத்திருந்தால், அந்தப் படத்தையும் ஒவ்வொரு முட்டிக்கும் ஒரு கோணமாகச் சேர்த்து எண்ண வேண்டும். ஒரே வேலையை இரண்டாகப் பிரித்துப் பணம் கேட்பது தவறு. எந்தெந்த எண்களைச் சேர்த்துப் போடக் கூடாது என்ற பட்டியலை அமெரிக்க அரசின் சி.எம்.எஸ். அமைப்பு மூன்று மாதத்துக்கு ஒரு முறை இலவசமாக வெளியிடுகிறது. அதன் பெயர் என்.சி.சி.ஐ. தெரிந்தே பிரித்து அரசுத் திட்டத்தில் பணம் வாங்கினால் 1863-ல் இயற்றப்பட்ட பொய் கிளெய்ம் சட்டம் பாயும். ஆபிரகாம் லிங்கன் காலத்துச் சட்டம் அது. இன்றும் உயிரோடு இருக்கிறது.

உங்கள் கம்ப்யூட்டரில் செய்து பாருங்கள்

எக்செல் இருந்தால் போதும். இல்லையென்றால் லிப்ரே ஆபிஸ் தொகுப்பை இலவசமாக இறக்கி, அதில் உள்ள கால்க் புரோகிராமைத் திறந்துகொள்ளுங்கள்.

1. முதல் வரிசையில் தலைப்புகளை டைப் செய்யுங்கள். ஏ நெடுவரிசையில் ரிப்போர்ட் எண், பி-யில் ஒரு முட்டிக்கு எத்தனை கோணம், சி-யில் சி.பி.டி. எண், டி-யில் எந்தக் கால், ஈ-யில் நோயின் எண்.

2. ஈ நெடுவரிசையின் தலையில் உள்ள எழுத்தை கிளிக் செய்யுங்கள். முழு நெடுவரிசையும் தேர்வாகும். ரைட் கிளிக் செய்து பார்மட் செல்ஸ் கட்டளையைக் கொடுங்கள். கிடைக்கும் விண்டோவில் நம்பர் டேபில் டெக்ஸ்ட் என்பதைத் தேர்வு செய்து ஓகே அழுத்துங்கள்.

இது எதற்கு? கம்ப்யூட்டருக்கு எண் என்றால் கூட்டிக் கழிப்பதற்குத்தான். முழங்கால் அறுவை சிகிச்சைக்கான மயக்க மருந்துக்கு 01400 என்று ஓர் எண் உண்டு. சாதாரண செல்லில் அதை டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். 1400 என்று ஆகிவிடும். முன்னால் உள்ள பூஜ்யத்தை கம்ப்யூட்டர் தின்றுவிடும். பழைய ஐ.சி.டி. 9 எண் 719.40 என்பதும் 719.4 ஆகிவிடும். கோட் எண் என்பது டெலிபோன் நம்பர் மாதிரி. கணக்குப் போட அல்ல. ஆகவே டெக்ஸ்டாக வைக்க வேண்டும்.

3. சி2 செல்லுக்கு வாருங்கள். இதை டெக்ஸ்டாக மாற்ற வேண்டாம். மாற்றினால் பார்முலா வேலை செய்யாது. கீழே உள்ளதை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யுங்கள்.

=இஃப்(பி2>=4,73564,இஃப்(பி2=3,73562,73560))

4. பி2-ல் 2, 3, 4 என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சரியான எண் வருகிறதா? இப்போது பி2-ல் உள்ளதை அழித்துக் காலியாக விடுங்கள். சி2-ல் என்ன இருக்கிறது?

73560 இருக்கும்! எத்தனை கோணம் என்றே சொல்லவில்லை. ஆனாலும் கம்ப்யூட்டர் தயங்காமல் ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டது. காலி செல்லை அது பூஜ்யம் என்று எடுத்துக்கொள்கிறது. நான்கும் இல்லை, மூன்றும் இல்லை, எனவே மிச்சம் இருக்கும் எண் என்று முடிவு கட்டிவிடுகிறது. ரிப்போர்ட்டில் கோணங்கள் எழுதப்படவில்லை என்றால், எழுதியவரிடம் கேட்பதுதான் முறை. ஆகவே பார்முலாவை இப்படி மாற்றுங்கள்.

=இஃப்(பி2="","கேள்",இஃப்(பி2>=4,73564,இஃப்(பி2=3,73562,73560)))

"கேள்" என்ற சொல்லை மட்டும் தமிழிலேயே டைப் செய்யலாம். இனி பி2 காலியாக இருந்தால் சி2-ல் "கேள்" என்று வரும். 73565 எங்கே என்று கேட்கிறீர்களா? அதை இந்தப் பார்முலாவுக்கு நான் சொல்லவில்லை. நின்ற படம் மட்டுமா, வேறு கோணமும் உண்டா என்பதை ரிப்போர்ட்டைப் படித்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

சி.பி.டி. புத்தகம் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் காப்புரிமை உள்ளது. "முழுப் புத்தகம் இலவசம்" என்று வரும் பைல்களை இறக்காதீர்கள். பெரும்பாலும் பழைய வருடத்துப் புத்தகமாக இருக்கும். வைரஸும் கூடவே வரலாம். சி.பி.டி. எண்கள் ஜனவரி 1-லும், அமெரிக்க ஐ.சி.டி. எண்கள் அக்டோபர் 1-லும் புதுப்பிக்கப்படும். ஐ.சி.டி. 10-ன் அமெரிக்கப் பதிப்பை மட்டும் சி.எம்.எஸ். தளத்தில் இலவசமாகவே இறக்கலாம். பைலைத் திறந்து கன்ட்ரோல் + எஃப் தட்டி எண்ணைத் தேடலாம்.

வேலையில் சேர்ந்துவிட்டால் நோயாளியின் ரிப்போர்ட்டை உங்கள் சொந்த கம்ப்யூட்டரில் சேமிக்கவோ, மொபைலில் படம் பிடிக்கவோ கூடாது. 1996-ல் வந்த ஹிப்பா சட்டத்தின் கீழ் நோயாளியின் விவரங்கள் பாதுகாக்கப்பட வேண்டியவை. பயிற்சிக்கு நான் மேலே செய்தது போல நீங்களே கற்பனையாக எழுதிக்கொள்ளுங்கள்.

நம் வீட்டுக்கும் இது உதவும்

இதெல்லாம் அமெரிக்காக்காரர் கதை என்று ஒதுக்க வேண்டாம். நம் நாட்டு மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம் படிவத்தின் பகுதி பி-யை எடுத்துப் பாருங்கள். அதை மருத்துவமனை நிரப்ப வேண்டும். அதில் ஐ.சி.டி. 10 எண்ணுக்கு என்று கட்டங்கள் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் தளத்தில் ஐ.சி.டி. 10 தேடும் வசதி இலவசம். அங்கே போய் படிவத்தில் உள்ள எண்ணைத் தட்டுங்கள். வந்த நோயும் உங்கள் வீட்டுக்காரரின் நோயும் ஒன்றுதானா என்று பாருங்கள். முட்டித் தேய்மானத்துக்கு அங்கே கோனார்த்ரோசிஸ் என்று பெயர் இருக்கும். பயப்படாதீர்கள், அது நம் மூட்டுத் தேய்மானம்தான். உலகப் பதிப்பில் அமெரிக்கப் பதிப்பு போல வலது, இடது எண்கள் இல்லை. ஆகவே எந்தக் கால் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுத்தில் சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வித்தியாசம் தெரிந்தால் படிவத்தை அனுப்பும் முன்பே மருத்துவமனையில் கேளுங்கள்.

கடைசியாக, அம்மாவின் எக்ஸ்ரே. நின்று முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. இரண்டு முட்டிக்கும் அப்படியே. டாக்டர் இரண்டிலும் வயதினால் வந்த தேய்மானம் என்று உறுதியாக எழுதிவிட்டார். அப்படியானால் எந்த எண்? கீழே பார்க்கும் முன் விரல் விட்டு எண்ணுங்கள்.

ஒரு முட்டிக்கு இரண்டு கோணம். 73560-50, எம்17.0. நீங்கள் 73565 என்று தொடங்கியிருந்தால் வருத்தப்பட வேண்டாம். நானும் அங்கேதான் தொடங்கினேன்.